பாற்பல் இருக்கும்போதே கம்பியா? கொழும்புப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு 8 வயதில் மேல்தாடையை அகலப்படுத்தும் கருவி போட்டோம். மகனுக்கு 8 வயதானபோது மேல் முன்பல் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை. சொந்தக்காரருக்கு இது விளங்கவேயில்லை. "மூத்தவளின்ர பல்லு வடிவாத்தானே இருந்தது, அவளுக்கு ஏன் கம்பி போட்டனீங்கள்? சின்னவனையெல்லோ கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும்" என்று மாமி ஒருவர் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே கேட்டார். மீன்காரர் காசுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மகளின் பற்கள் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் அவள் வாயை மூடும்போது மேல் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே போய் விழுந்தன. குறுக்குக்கடி என்பது இதைத்தான். அப்படிக் கடிப்பதற்காகக் கீழ்த்தாடையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டாள். வளர்கிற வயதில் தாடை இப்படி ஒரு பக்கமாகவே இயங்கிப் பழகினால், எலும்பும் அந்தக் கோணலுக்கு ஏற்ப வளரக்கூடும். மகனுடையதோ கொஞ்சம் இட நெருக்கடியும் அந்த வயதுக்கே உரிய கோணலும். அது 12 வயதுவரை பொறுக்கும் என்று பல் சீராக்கல் நிபுணர் சொன்னார். இத்தனைக்கும் படத்தில் பார்த்தால் மகனின் வாய்தான் பயங்கரம்.

எல்லாப் பிள்ளைகளையும் நேரத்தோடு காட்ட வேண்டும், ஆனால் அவர்களில் சிலருக்கு மட்டுமே நேரத்தோடு சிகிச்சை தேவைப்படும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. நான் பல் வைத்தியர் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு வார்ட் பிளேஸ் அரச பல் வைத்தியசாலைக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்ட ஒரு தாய். எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: எந்தப் பல் எப்போது வரும்

பாற்பற்கள் 20. மூன்று வயதையொட்டி எல்லாம் வந்துவிடும். நிரந்தரப் பற்கள் ஞானப்பல்லோடு சேர்த்து 32. சுமார் 6 வயதிலிருந்து 12 வயதுவரை இரண்டு வகையும் வாயில் கலந்து நிற்கும். நாம் பேசப்போவது இந்த ஆறு வருடங்களைப் பற்றித்தான்.

6 வயதளவில் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். இது எந்தப் பாற்பல்லையும் விழுத்தாமல், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருகிறது. அதனால் பலர் இதையும் பாற்பல் என்று எண்ணி, "விழப்போற பல்லுத்தானே" என்று சூத்தையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தப் பல் விழுந்து இன்னொன்று முளைக்காது. எண்பது வயதுவரை சப்புவதற்கென்று வருகிற பல் இது. முழு வாயின் கடியும் இதை நம்பித்தான் நிற்கிறது. கம்பியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், மேலும் கீழும் இரு பக்கமுமாக வரும் இந்த நான்கு பற்களையும் காப்பாற்றுங்கள். அவற்றின் பள்ளங்களை மூடிப் பூசும் சீலன்ட் பற்றிப் பல் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்புறம் 6–7 வயதில் கீழ் வெட்டும்பற்கள், 7–8 இல் மேல் நடு வெட்டும்பற்கள், 8–9 இல் அவற்றின் பக்கத்தில் உள்ளவை. கீழ் வேட்டைப்பல் (கூரான கோரைப்பல்) 9–10 இல் வரும். முன்கடைவாய்ப்பற்கள் 10–12 இல். மேல் வேட்டைப்பல் கடைசி ஆளாக 11–12 இல் வரும். அந்தப் பல்லைப் பற்றிப் பிறகு சொல்ல இருக்கிறது. இந்த வயதுகள் ஒரு வருடம் முன்பின்னாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து அதே பல் வரவில்லை என்றால்தான் காட்ட வேண்டும். உள்ளே மேலதிகமாக ஒரு பல் வழியை மறித்துக்கொண்டு நிற்கலாம், அல்லது அந்தப் பல்லே உருவாகாமல் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

(விழுந்த பாற்பல்லைக் கூரைக்கு எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். ஐந்தாம் மாடி ஃபிளாட்டில் கூரைக்கு எங்கே போவது? மகள் பல்கனியிலிருந்து எறிந்த பல் கீழ்வீட்டு ஏசிப் பெட்டிக்கு மேல் இன்னும் கிடக்கும் என்று நினைக்கிறேன்.)

பெற்றோரைத் தேவையில்லாமல் பயமுறுத்தும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, கீழே இரட்டை வரிசை. பாற்பல் விழுவதற்கு முன்பே நிரந்தரப் பல் அதன் பின்னால் முளைத்துவிடும். பாற்பல் ஆடினால் பிள்ளையையே ஆட்டி ஆட்டி விழுத்தச் சொல்லுங்கள். அது விழுந்ததும் பின்னால் நிற்பதை நாக்கே முன்னுக்குத் தள்ளிவிடும். ஓரிரு மாதமாகியும் ஆடாமல் நின்றால் வைத்தியரிடம் காட்டலாம்.

மற்றது, 8 வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே விழும் இடைவெளி. இரண்டு பற்களும் விசிறி போலச் சரிந்து நிற்கும். என் மகனுக்கு இருந்தது இதுதான். மேலே எலும்புக்குள் இருக்கும் வேட்டைப்பற்கள் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் இப்படித் தெரியும். அவை கீழிறங்கி வரும்போது பெரும்பாலும் இடைவெளி தானாகவே மூடும். அவசரப்பட்டு இந்தப் பற்களைக் கம்பியால் இழுத்துச் சேர்த்தால், வேர் போய் வேட்டைப்பல்லோடு முட்டலாம். எனவே இந்த நேரத்தில் கை வைக்க நல்ல நிபுணர்கள் தயங்குவார்கள்.

இன்னொரு விஷயத்தைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாற்கடைவாய்ப்பல், அதன் இடத்தில் பின்னர் வரும் முன்கடைவாய்ப்பல்லைவிட அகலமானது. ஆகவே பாற்பல் விழும்போது கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 மில்லிமீற்றர் இடம் மிஞ்சுகிறது. கீழ் முன்பற்களின் சிறிய நெருக்கடியைத் தீர்க்க இது போதும். சூத்தையால் பாற்கடைவாய்ப்பல்லை நேரத்தோடு பிடுங்கினால், பின்னால் இருக்கும் 6 வயதுப் பல் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். பாற்பல்லுக்கு ஏன் அடைப்பு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்து: வீட்டில் பத்து நிமிடம்

விடுமுறை நாளொன்றில் பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் கதிரையில் நேராக இருத்துங்கள். கையில் போன் டோர்ச். "வாயை மூடு" என்றால் பிள்ளைகள் முன்பல்லோடு முன்பல்லை முட்டிக் காட்டுவார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. "எச்சிலை விழுங்கிப்போட்டு பின்பல்லால கடி" என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு கன்னங்களையும் கழுவிய விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள்.

மேல் வரிசையை டப்பாவின் மூடி என்றும் கீழ் வரிசையை டப்பா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூடி சுற்றிவர வெளியே இருக்க வேண்டும். எங்காவது ஒரு மேல் பல்லாவது கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மகளின் விஷயத்தில் எனக்கு இது தெரிய வந்ததே தற்செயல். ரோல்ஸ் சாப்பிடும்போது எப்போதும் வலப்பக்கமாகவே சப்புகிறாள் என்று பார்க்கப்போய்க் கண்டுபிடித்தது.

வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி மேல் நடுக்கோட்டையும் கீழ் நடுக்கோட்டையும் பாருங்கள். திறந்திருக்கும்போது நேராக இருந்து, கடிக்கும்போது கீழ்க்கோடு ஒரு பக்கம் நகர்ந்தால், தாடை வழுக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது, கிளினிக்கில் பிள்ளை வெட்கப்பட்டு வேறு மாதிரிக் கடிக்கும்.

பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட எவ்வளவு முன்னுக்கு மிதப்பாக இருக்கிறது? இரண்டு மூன்று மில்லிமீற்றர் இயல்பு. ஆறுக்கு மேல் என்றால், முக்கியமாக உதடு மூடாமல் பல் வெளியே தெரிந்தால், விழுந்து எழும்பும்போது அந்தப் பல் உடையும் ஆபத்து அதிகம். பின்பல் கடித்திருக்கும்போதும் முன்னால் நாக்கு தெரிகிற இடைவெளி இருக்கிறதா? விரல் சூப்பும் பிள்ளைகளுக்கு இப்படி வரும். கீழ்த்தாடை முன்னுக்கு நிற்கிறதா? அப்படியானால் பழைய அல்பத்தைத் திறந்து அப்பப்பாவின் தாடையையும் ஒரு முறை பாருங்கள். சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவது, நிபுணரும் அதை நிச்சயம் கேட்பார்.

கடைசியாக, இரவில் பிள்ளை தூங்கும்போது பாருங்கள். வாய் திறந்தபடி, குறட்டையோடு தூங்கும் பிள்ளைக்குப் பல்லைவிட முதலில் மூக்கையும் தொண்டையையும் பார்க்க வேண்டியிருக்கலாம். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினொயிட் சதை வீங்கி மூக்கை அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் ஒரு முறை காட்டுவதுதான் சரியான வரிசை.

விரல் சூப்புவது பற்றி

இதற்கு மட்டும் வைத்தியரிடம் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். நிரந்தர முன்பற்கள் வருவதற்கு முன்பே நின்றுவிட்டால், பழக்கத்தால் உண்டான இடைவெளி பல நேரங்களில் தானாகவே சரியாகும். வேப்பெண்ணெய் பூசுவது, பாவற்காய்ச் சாறு தடவுவது எல்லாம் என் அம்மா எனக்குச் செய்து பார்த்தவை. வேப்பெண்ணெய் ருசி எனக்குப் பழகிப்போனதுதான் மிச்சம். மகனுக்கு வேலை செய்தது கலண்டர். சூப்பாத ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஸ்டிக்கர், முப்பது சேர்ந்ததும் காலிமுகத்திடலில் பட்டம். ஏழு வயதைத் தாண்டியும் நிற்கவில்லை, பிள்ளையே விட விரும்புகிறது ஆனால் முடியவில்லை என்றால், மேலண்ணத்தில் பொருத்தும் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அதைப் போட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

எங்கே, யாரிடம் காட்டுவது

அமெரிக்க ஒர்த்தடொன்டிஸ்ட் (பல் சீராக்கல் நிபுணர்) சங்கம் 7 வயதுக்குள் ஒரு முறை காட்டச் சொல்கிறது. அந்த வயதில் 6 வயதுக் கடைவாய்ப்பற்களும் சில வெட்டும்பற்களும் வந்திருக்கும். தாடைகள் பொருந்துகிற விதத்தைப் பார்க்க அது போதும். இங்கே கணக்குக்கு, பாடசாலையில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் தொடங்கலாம். பல அரச பாடசாலைகளில் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் இருக்கிறது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அடைப்பதும் பாற்பல் பிடுங்குவதும் அங்கேயே நடக்கும். கடியில் பிழை கண்டால் மேலிடத்துக்குக் கடிதம் தருவார்கள். கொழும்பில் அந்த மேலிடம் பெரும்பாலும் வார்ட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலை. சிகிச்சை இலவசம், நிபுணர்களும் தரமானவர்கள். ஆனால் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவதால் காத்திருக்க வேண்டியிருக்கும். கடுமையான பிரச்சினை உள்ளவர்களுக்கே முதலிடம். காலையில் நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு அன்றைக்குப் பாடசாலை இல்லை என்று முடிவு செய்துகொண்டே போங்கள்.

தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, போவதானால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாப் பல் வைத்தியரும் பல் சீராக்கல் நிபுணர் இல்லை. பல் வைத்தியராகப் பட்டம் பெற்ற பிறகு, பல் சீராக்கலுக்கென்று தனியாகப் பல வருடப் பட்டப்பின் பயிற்சி முடித்தவரே ஒர்த்தடொன்டிஸ்ட். சனல் பண்ணும் இடத்திலேயே "கன்சல்டன்ட் ஒர்த்தடொன்டிஸ்ட்" என்று கேளுங்கள். வைத்தியர்களையும் பல் வைத்தியர்களையும் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மகனைக் கூட்டிக்கொண்டு போன ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடம் வாயைப் பார்த்துவிட்டு, மேல்தாடை விரிப்பும் அதன் பிறகு வாயில் கடித்துக்கொள்ளும் சிலிக்கன் ட்ரெய்னர் ஒன்றும் "பெக்கேஜ்" ஆகத் தருகிறோம், இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "இடம் காணாது" என்ற ஒரே பதில். வீட்டுக்காரர் காசு எடுக்க ஏடிஎம் வரைக்கும் போய்விட்டார். நான்தான் போன் பண்ணித் திருப்பிக் கூப்பிட்டேன். பிறகு பார்த்த நிபுணர், குறுக்குக்கடி இல்லாத வாயை இடத்துக்காக மட்டும் 8 வயதில் விரிப்பதால் பிற்காலக் கம்பியைத் தவிர்க்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றார். ஆயத்தமாகச் செய்து வரும் ட்ரெய்னர்களின் நிலையும் அதுதான். பல் வைத்தியத்தில் இன்றைக்கே முடிவெடுக்கச் சொல்லும் அவசரம், அடிபட்ட பல், வீங்கிய கன்னம் போன்றவற்றுக்குத்தான்.

முதல் நாளில் என்ன கேட்பது

நிபுணர் பிள்ளையின் முகத்தையும் கடியையும் பார்ப்பார், படங்கள் எடுப்பார், தேவையானால் ஓபிஜி என்ற, முழு வாயையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரேக்கு எழுதுவார். எலும்புக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கையும் இடமும் அதில் தெரியும். தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே, தாடை வளர்ச்சியில் பிரச்சினை இருந்து சிகிச்சை தொடங்குவதாக இருந்தால்தான் தேவை. எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள், வேறொருவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது திரும்ப எடுக்கத் தேவையிருக்காது.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் உண்மையாகப் பயன்பட்டவை மூன்று. இப்போது செய்யாமல் 12 வயதுவரை விட்டால் எது கெட்டுப்போகும்? இப்போது செய்தாலும் பிறகு முழுக் கம்பி தேவைப்படுமா? பிள்ளை கருவியை ஒழுங்காகப் போடாவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் நான் சிகிச்சையைத் தொடங்க மாட்டேன். இரண்டாவதற்குப் பெரும்பாலும் "ஆம்" என்றே பதில் வரும். சிறு வயதுச் சிகிச்சை என்பது பல பிள்ளைகளுக்கு முதல் கட்டம் மட்டும்தான். இரண்டாம் கட்டத்தில் 12–13 வயதில் முழுக் கம்பி, அது சாதாரணமாக ஒன்றரை இரண்டு வருடம். இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

எது பொறுக்காது, எது பொறுக்கும்

பக்கக் குறுக்குக்கடி, அதுவும் தாடை வழுக்கிக்கொண்டு போகிற வகை, பொறுக்காது. மேலண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் தையல் ஒன்று உண்டு. சிறு வயதில் அது இளகி இருக்கும், பதின்ம வயதின் நடுவில் இறுகத் தொடங்கும். இறுகுவதற்கு முன்பு சில மாதங்களில் விரிக்கலாம். வளர்ந்த பிறகு அதே வேலைக்குச் சத்திரசிகிச்சைவரை போக வேண்டி வரலாம்.

முன்பல் ஒன்று கீழ்ப் பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பொறுக்காது. ஒவ்வொரு கடிக்கும் கீழ்ப் பல் வெளியே தள்ளப்பட்டு, அதன் முரசு (ஈறு) கீழிறங்கும், பல் தேயும். இதற்குச் சிகிச்சை எளிது. ஸ்பிரிங் வைத்த ஒரு பிளேட் சில மாதங்களில் சரி செய்துவிடும்.

மேல்தாடை பின்தங்கி, கீழ்ப் பற்கள் எல்லாமே முன்னால் நிற்கிற பிள்ளைகளுக்கு முகத்துக்கு வெளியே நெற்றியிலும் நாடியிலும் தாங்கி நிற்கும் ஒரு சட்டத்தைப் போட்டு, ரப்பரால் மேல்தாடையை முன்னுக்கு இழுப்பார்கள். 10 வயதுக்கு முன்பு நன்றாக வேலை செய்யும். பிரித்தானியாவில் 7–9 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆறு வருடங்களுக்குப் பிறகு பார்த்தபோது, இந்தச் சட்டம் போட்டவர்களில் 36 வீதமானவர்களுக்கே தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படும் நிலை இருந்தது. போடாதவர்களில் அது 66 வீதம். நாளுக்கு 12–14 மணித்தியாலம் போட வேண்டும். இரவையும் வீட்டில் இருக்கும் நேரத்தையும் சேர்த்தால் சமாளிக்கலாம், பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. கொழும்பு வெக்கையில் நாடிப் பகுதி வியர்த்துப் பொரியும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

பல் மிதப்புத்தான் அதிகமாக விவாதிக்கப்படுவது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வின் முடிவு இது: சிறு வயதில் ஒரு முறை, பதின்ம வயதில் மறுபடி என்று இரண்டு கட்டமாகச் செய்தாலும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்தாலும் கடைசிப் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே வித்தியாசம், முன்னதாகச் செய்தவர்களுக்கு முன்பல் அடிபடுவது குறைவு. ஆகவே கேள்வி உங்கள் பிள்ளையைப் பற்றியது. பல் உதட்டுக்கு வெளியே நிற்கிறதா? ஓடி விழுகிற ரகமா? வகுப்பில் பட்டப்பெயர் வைத்து, பிள்ளை படத்துக்குச் சிரிக்கவே மறுக்கிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் முன்னதாகச் செய்யக் காரணம் உண்டு. இல்லாவிட்டால் 11–12 வயதில், வளர்ச்சி வேகம் எடுக்கும்போது செய்வதுதான் பிள்ளைக்கும் காசுக்கும் நல்லது.

பாற்பல் நேரத்தோடு போன இடத்துக்கு இடங்காப்பான் போடுவது சின்ன வேலை, பெரிய பலன். பின்பல்லில் வளையமும் அதிலிருந்து ஒரு கம்பி வளைவும், அவ்வளவுதான். புதுப் பல் எட்டிப் பார்க்கும்போது கழற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். மற்றபடி சின்ன நெருக்கடி, திரும்பி நிற்கும் ஒரு பல், நடு இடைவெளி எல்லாம் பொறுக்கும்.

விரிப்பான் வீட்டுக்கு வந்த பிறகு

எங்கள் வீட்டில் நடந்ததே எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலண்ணத்தில் ஒட்டிய கருவியின் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். சின்னச் சாவியை அதன் துளையில் விட்டு, முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு தள்ளல் கால் மில்லிமீற்றர். நாளுக்கு எத்தனை முறை என்று நிபுணர் எழுதித் தருவார், அதைக் கலண்டரில் குறித்து உடனே வெட்டுங்கள். "காலையில் தள்ளினோமா இல்லையா" என்று நானும் வீட்டுக்காரரும் வாக்குவாதப்பட்ட நாட்கள் உண்டு. சாவிக்கு ஒரு நீள நூல் கட்டி அதைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், தவறினால் தொண்டைக்குள் போகாது. பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை விளிம்புக்குக் கொண்டுவந்தால் துளை நன்றாகத் தெரியும். மூக்கடியில் ஒரு அழுத்தம் வரும், சில நிமிடங்களில் போய்விடும்.

முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு மழலையாகும். மகள் தேவாரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். "ழ" சரியாக வரப் பத்து நாள் எடுத்தது. தினமும் சத்தமாக வாசிக்கவைத்ததுதான் மருந்து.

இரண்டாம் வாரமளவில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். அம்மம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, இருந்த பல்லையும் கெடுத்துப்போட்டினம்" என்று அழாத குறை. எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பின்னர் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். விரித்து முடிந்ததும் கருவி சும்மா இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கழற்றக் கூடாது. புது எலும்பு நிரம்ப மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை அப்படியே இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் கச்சான் அல்வா, தொதல், எள்ளுருண்டை, முறுக்கு, கரும்பு, ஐஸ் கட்டி ஆகியவற்றுக்கு விடுமுறை. தீபாவளிக்கு மகளுக்கு லட்டும் கேசரியும் செய்தோம், அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொய்யாவையும் மாங்காயையும் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்கலாம். புட்டு கருவிக்குள் போய் அடைந்துகொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அண்ணத்தைப் பீச்சிக் கழுவினால் வந்துவிடும்.

கழற்றிப் போடுகிற பிளேட் என்றால் பிரச்சினை வேறு. கன்டீனில் கழற்றி டிஷூவில் சுற்றி வைத்தால் அது குப்பைக்குத்தான் போகும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு டப்பா வாங்கி, அதன் மேல் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும்.

காசும் பரீட்சையும்

தொடங்கும் முன் செலவை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ரே, ஒவ்வொரு தடவையும் கட்டும் சனல் காசு, உடைந்தால் திருத்தும் செலவு, முடிந்த பின் பல் திரும்ப நகராமல் போடும் ரிட்டெய்னர், இவையெல்லாம் மொத்தத்துக்குள் வருகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும் என்பதால், வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய கிளினிக்கை, பெயர் பெற்ற தூரத்துக் கிளினிக்கைவிட நான் விரும்புவேன்.

அப்புறம் புலமைப்பரிசில் பரீட்சை. இந்தச் சிகிச்சைகளுக்குரிய வயதும் ஐந்தாம் ஆண்டும் ஒன்றாகத்தான் வந்து விழும். பரீட்சைக்கு முந்தின இரண்டு மாதத்தில் புதுக் கருவி எதையும் தொடங்க வேண்டாம். அதே நேரம், குறுக்குக்கடிச் சிகிச்சையைப் பரீட்சைக்காக இரண்டு வருடம் தள்ளிப் போடவும் வேண்டாம். நாங்கள் மகளுக்கு மூன்றாம் ஆண்டு விடுமுறையில் தொடங்கி, நான்காம் ஆண்டு நடுவில் முடித்தோம்.

முடிந்த பிறகும் பார்க்க வேண்டியது

கருவி கழற்றிய பிறகு ஆறு மாதத்துக்கொரு முறையாவது நிபுணரிடம் காட்ட வேண்டும். சிகிச்சையே தேவையில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கும் வருடத்துக்கு ஒரு முறை. முன்பு சொன்ன மேல் வேட்டைப்பல்தான் காரணம். எலும்புக்குள் மிக உயரத்திலிருந்து, மிக நீண்ட வழியில் வரும் பல் அது. சில பிள்ளைகளுக்கு வழி தவறி அண்ணத்துப் பக்கம் திரும்பிவிடும். கவனிக்காமல் விட்டால் பக்கத்துப் பல்லின் வேரையே அரித்துவிடலாம். 10 வயதில் கண்டுபிடித்தால், பல நேரங்களில் அதற்குக் கீழே நிற்கும் பாற்பல்லைப் பிடுங்குவதோடு வழிக்கு வந்துவிடும். 14 இல் கண்டுபிடித்தால் முரசை வெட்டிச் சங்கிலி கட்டி இழுக்க வேண்டி வரும்.

வீட்டிலேயே தடவிப் பார்க்கலாம். மேலுதட்டைத் தூக்கி, பாற்பல் வேட்டைப்பல்லுக்கு மேலே முரசில் சுட்டுவிரலை வைத்து அழுத்தினால், 10 வயதளவில் இரண்டு பக்கமும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டாலோ, இரண்டு பக்கமும் இல்லாவிட்டாலோ ஓபிஜி எடுக்கச் சொல்வார்கள். மகனுக்குப் போன மாதம் 10 வயது. பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் மேடு இருந்தது. வலப்பக்கம் ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும். அடுத்த சனிக்கிழமைக்கு நம்பர் எடுத்திருக்கிறோம்.